வராத படபடப்பு

அக்காவுக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறது. எதையும் நேராகச் செய்யாதவள், பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருக்கிறாள். அந்த இதயம் திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடும். படியேறும்போது இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். உள்ளே கோளாறு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று, காலையில் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டார்கள். வயிற்றிலிருந்து நேராக இதயத்துக்குப் போகவேண்டிய ரத்தக்குழாயே அவளுக்கு இல்லை. வேறு குழாயில் சுற்றிவளைத்துப் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது.

டாக்டர் வெளியே வந்தார். "படபடப்பு வந்தாத்தாம்மா எந்த இடத்துல சுடணும்னு தெரியும். மருந்து குடுத்துக்கூடத் தூண்டிப் பாத்துட்டோம். வரவே மாட்டேங்குது."

"வீட்டுல தெனமும் வருதே டாக்டர்!" என்று கத்தினேன். அவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? சுடாமலே கம்பியை உருவிவிட்டார்கள்.

சாயங்காலம் வார்டில் அக்கா கண் திறந்தாள். "சுட்டுட்டாங்களாடி?"

கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் மாறி, என் கையை இழுத்துத் தன் வலது மார்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே அது தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சுடி. ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொல்லு."

ஓடினேன். காலையில் அக்காவைப் படுக்கவைத்திருந்த மேஜையில் வேறொருவர் படுத்திருந்தார்.