கோபம் என்றே இருக்கட்டும்

நாத்தனார் வந்தால் வீட்டில் பஞ்சாயத்து என்று அர்த்தம். இந்த முறை வரவழைத்தவர் என் கணவர். தம்பி கூப்பிட்டால் அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவாது.

விஷயம் இவ்வளவுதான். எனக்குப் பல வருஷமாக மூட்டுவாதம். கணவர் புரண்டு படுத்தால் மெத்தை முழுக்க ஆடும், எனக்கு இடுப்பில் ஆணி இறங்கும். தூங்காவிட்டால் மறுநாள் விரல் மடங்காது. நானோ பொய்ப்பல் செய்யும் இடத்தில் மெழுகு செதுக்குகிறவள். "இன்னொரு செட் கோணலா வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் துணி மடிக்கும் சின்ன அறையில் தனியாகப் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். அது குடும்பத்துக்கே சேதியாகிவிட்டது.

"என் தம்பி மேல உனக்கு என்னம்மா கோபம்?" என்றார் நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"கோபமெல்லாம் இல்ல அண்ணி. இடுப்பு வலி."

"வலி யாருக்குத்தான் இல்ல? எனக்கு முட்டி வலி. நான் தனியாவா படுக்கறேன்?"

அவருக்கு முட்டி வலிப்பது பாத்திரம் கழுவும் நேரத்தில் மட்டும். ஊருக்குத்தான் உபதேசம். டாக்டர் என் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியபோது பக்கத்திலேயே இருந்த மகானுபாவர் இப்போது சோபாவில் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அவ ஏதோ மனசுல வச்சிருக்கா, அக்கா" என்றார் கடைசியில்.

நாத்தனார் என் படுக்கையைச் சுருட்டிப் பெரிய அறையில் கொண்டுபோய்ப் போட்டார். "ஒண்ணாப் படுத்தா எல்லாம் சரியாயிடும்."

அன்றிரவு கணவர் குறட்டை விட்டார், நான் கூரையைப் பார்த்தேன். மறுநாள் வேலையில் கத்தி வழுக்கி, மெழுகு முன்பல்லின் ஓரம் பெயர்ந்தது. முதலாளி போனில் இருந்ததால் பிழைத்தேன். அதை மறுபடி செய்தபோது எனக்கு அழுகை வந்தது. வேலை போனாலும் இவர்கள் "என்ன கோபம்" என்றுதான் கேட்பார்கள். வலி என்று சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. இவர்கள் காதில் ஏறுகிற சொல்லையே சொல்லிவிடலாமே என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஆமா அண்ணி. கோபம்தான்."

நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்படிச் சொல்லு. என்ன செஞ்சான்?"

"அது அவருக்கே தெரியும்."

கணவருக்கு முகம் வெளுத்தது. என்னவெல்லாம் நினைவுக்கு வந்ததோ, பாவம். நாத்தனார் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு தன் கையாலேயே என் படுக்கையைச் சின்ன அறைக்குத் தூக்கிவந்து விரித்தார். "கோபம் ஆறுற வரைக்கும் அவளத் தொந்தரவு பண்ணாத."

அதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். விரல் மடங்குகிறது, பற்கள் நேராக வருகின்றன. தினமும் காலையில் கணவர் காபியோடு வாசலில் நிற்கிறார். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல" என்கிறேன். முதல் நாள் அது பொய். இப்போது பொய் இல்லை.