ஒரு ஸ்க்ரூவின் நீளம்

முதல் ஃப்யூஸை அவள் கண்ணெதிரிலேயே கருக்கிக் காட்டினான் கொழுந்தன். காரின் சாவியைத் திருப்பி ஹீட்டர் ஃபேனை மூன்றாம் எண்ணில் வைத்தான். கிர்ரென்று எழும்பிய ஃபேன் பத்து எண்ணுவதற்குள் அடங்கிப்போனது. இடுக்கியால் ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே மெல்லிய கம்பி அறுந்து, புகை படிந்திருந்தது.

"இதை நோண்டி என்ன ஆகப்போகுது அண்ணி? எப்படியும் விக்கப்போற வண்டி. வாங்குறவன் பாத்துக்கட்டும்."

"விக்கிறதெல்லாம் அப்புறம். ஏன் போகுதுன்னு எனக்குத் தெரியணும் தம்பி."

நான்கு மாதமாகவே அவர்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. காரின் வலப்பக்கக் கதவு மட்டும் புதிது; வண்ணம் பூசாமல் சாம்பலாக நின்றது. பட்டறைக்குள் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவன் பார்வை போகவே இல்லை.

போன குளிர்காலத்தில்தான் அந்த ஃபேன் ஃப்யூஸ் தின்னத் தொடங்கியது. ஊர் வண்டிகளெல்லாம் அவன் பட்டறை வாசலில் வரிசை நிற்கும். சொந்த அண்ணன் வண்டிக்கு மட்டும் எப்போதும் அடுத்த ஞாயிறுதான். ஒரு தீப்பெட்டி நிறைய ஃப்யூஸ் போட்டுக் கொடுத்து, "இப்போதைக்கு இதை மாத்தி மாத்தி ஓட்டுண்ணே" என்றான். "வீட்டுல டாக்டர் இருந்தும் எனக்கு வெறும் தைலம்தான்" என்று அவள் கணவர் சிரித்தார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு விடியலில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வழி தெரியாமல் போனபோது, வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருக்கிறார். கால்கள் சாலையில் இருந்தன. பனியில் ஆள் நின்றதே தெரியவில்லை என்றான் லாரிக்காரன். மூடியிருந்த கையைப் பிரித்து மருத்துவமனையில் அவளிடம் ஒரு புது ஃப்யூஸைக் கொடுத்தார்கள். அதை அவள் கொழுந்தனிடம் இதுவரை சொல்லவில்லை. எவ்வளவு சின்ன வேலையைத் தள்ளிப்போட்டான் என்பதை அவன் தன் கையாலேயே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

அவன் ஃபேனுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டான். ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு வயரில் மாட்டித் தொங்கவிட்டான்.

"ஃபேன் மேல தப்புன்னா இது எரியாது. வழியில எங்கயாவது வயர் பாடியில பட்டுச்சுன்னா எரியும்" என்றான், சுவரிடம் சொல்வதுபோல.

பல்பு எரியவில்லை. வயர்க் கற்றையைச் சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனான். அவள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு பல்பையே பார்த்தாள். இடப்பக்க இருக்கைக்கு முன்னால், வேலைக்கு இடைஞ்சலாகத் தொங்கிய டாஷ்போர்டுப் பெட்டியின் மூடியை முழங்கையால் தள்ளிச் சாத்தினான். பல்பு பளீரென்று எரிந்தது. திறந்தான், அணைந்தது. மறுபடி சாத்தினான்.

மூடியைக் கழற்றி டார்ச்சைப் பிடித்தவன் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது விரலிடுக்கில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. மூடியின் தாழ்ப்பாளைப் பிடிக்க அதில் பாதி நீளம் போதும். மீதிப் பாதி பின்னாலிருந்த வயரை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

"இது நான் போட்டது அண்ணி."

அவள் இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. ஆனால் அந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் அவளுக்கு வேறொரு மாலை நினைவுக்கு வந்துவிட்டது. தாழ்ப்பாள் உடைந்து மூடி அவள் முழங்காலில் விழுந்துகொண்டே இருந்த நாள். ஆறு மணிக்குமேல் மருத்துவமனைக்குள் விடமாட்டார்கள். உள்ளே அவள் அம்மா படுத்திருந்தாள். இதே கொழுந்தன் வாசலில் மண்டியிட்டு, அளவு ஸ்க்ரூ இல்லையே என்று டப்பாவைக் கிளறினான். நாளைக்குப் போட்டுக்கலாமே என்றார் கணவர். 'உங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா? கைக்குக் கிடைச்சதைப் போட்டு முடுக்குங்க தம்பி' என்றது அவள்தான்.

அவன் வயரில் டேப் சுற்றினான், குட்டையான ஸ்க்ரூவைப் போட்டான், ஃபேனை மாட்டிப் புது ஃப்யூஸைச் சொருகினான். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. "அரை மணி ஓடவிட்டுப் பாக்கணும்" என்றான். கதவுகளைச் சாத்திக்கொண்டு இருவரும் முன்னிருக்கைகளில் உட்கார்ந்தார்கள். எஞ்சின் சூடேறும்வரை ஃபேன் பச்சைக் குளிரைத்தான் ஊதியது.

"திட்டிடுங்க அண்ணி. நீங்க இப்படி சும்மா இருக்கிறதுதான் தாங்கல."

"அன்னைக்கு நான்தானே அவசரப்படுத்தினேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். "இல்லையே. நீங்க உள்ள புடவை மாத்திட்டிருந்தீங்க. அண்ணன்தான் முடுக்குடா முடுக்குடான்னு கத்தினான்."

"அவரா? நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னதே அவர்தான்."

"அண்ணன் எங்க நாளைக்குன்னு சொல்லியிருக்கான்? அது என் பல்லவி."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்காகச் சொல்கிறானா, நிஜமாகவே அவனுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறதா? அன்று அங்கே இருந்தது மூன்று பேர். கேட்டுத் தெரிந்துகொள்ள மூன்றாமவர் இல்லை. கைப்பைக்குள் இருந்த அந்த ஃப்யூஸை விரலால் தடவினாள். எடுக்கவில்லை.

ஃபேன் நிற்கவில்லை. இருவர் மூச்சிலும் கண்ணாடி வெளுத்து மூடிக்கொண்டு வந்தது. மூட மூட, ஸ்டியரிங்குக்கு நேரே மட்டும் ஆவி படியாத கோடுகள் தெரிந்தன. நான்கு விரல் அகலத்தில், அந்த விடியலின் அவசரத்தில், வெறுங்கையால் துடைத்த வளைவுகள். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு.

கொழுந்தனும் பார்த்துவிட்டான்.

அப்போதுதான் வெங்காற்று வரத் தொடங்கியது. கண்ணாடியின் அடியில் ஒரு தெளிவு பிறந்து மேலே ஏறியது. கீழ்க்கோடு கரைந்தது, அதற்கு மேலிருந்ததும் கரையத் தொடங்கியது. அவள் கையை நீட்டி ஃபேனை நிறுத்தும் குமிழைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.