வீசுகிற கை

எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று டாக்டரம்மா இன்ஸாஃப் கேட்டபோது மெத்வல்லிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஐம்பது தாண்டிய மனிதனை, ஜும்ஆ தவறாதவனை, பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? "சோத்தாங்கையாலதான், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மன்சூரா நகரத்தில் வேறு பதில் சொல்லக்கூடியவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். டாக்டர் தலையாட்டிவிட்டு, அவருடைய இடது முன்கையில் ஊதா மையால் ஒரு நீளக் கோடு இழுத்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட பிறகு, கழுத்தில் செருகிய குழாய் வழியாகத்தான் வாரம் மூன்று தடவை அவருடைய ரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. கழுத்துக் குழாய் சீழ் பிடிக்கிற சங்கதி, நெடுநாள் நம்ப முடியாது. கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் சிரை தடித்து, ஊசி ஏற்ற வாகாகிவிடும். அதிகம் வேலை செய்யாத கையில்தான் அதைச் செய்வது வழக்கம்.

"ஒரு மாசம் கழிச்சு ஆபரேஷன். அதுவரைக்கும் இந்த எடது கையில ஒருத்தரையும் ஊசி போட விடாதீங்க. பிரஷர் பாக்கக்கூட நீட்டாதீங்க. எதுவா இருந்தாலும் வலது கைதான்" என்றார் டாக்டர்.

மெத்வல்லி சொன்னது பொய் இல்லை. சாப்பிடுவது வலது கையால்தான். சலாம் சொல்லிக் கை கொடுப்பது, கையெழுத்துப் போடுவது இரண்டும் வலதுதான். அவருடைய வாப்பா ஒரு மரக்கரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரல் முட்டியில் போட்டுப் போட்டு மாற்றிய காரியங்கள் அவை. ஆனால் வாப்பாவின் ஆட்சி வீட்டு வாசலோடு முடிந்தது. ஃபிதீர் என்கிற நெய் அடுக்கு ரொட்டி சுடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளிக்கு மாவு கிழியாமல் இருந்தால் போதும், எந்தக் கை என்று அவர் பார்க்கவில்லை. நெய் தடவிய உருண்டையைச் சலவைக்கல்லில் தட்டி, இடது கையால் சுழற்றி மேலே விடுவார் மெத்வல்லி. அது விரிந்து விரிந்து மேசைத்துணி அளவுக்கு இறங்கும். பிறகு மடிக்க வேண்டியது, அடுப்பில் தள்ள வேண்டியது. கடை அவருடையதாகி இருபது வருஷம் ஆகிவிட்டது; கைதேர்ந்த தொழில்காரர் என்று ஊரே அவரை 'உஸ்தா' என்றுதான் கூப்பிடும். வியாழக்கிழமை சாயங்காலங்களில் வாங்க வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதிகம். இரண்டு கையும் அசைவதால், அனுப்புவது இடது, வலது வெறும் எடுபிடி என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பெண்டாட்டி நபவிய்யாவுக்குத் தெரியும். கல்லாவில் உட்காருகிறவள் அவள்தானே.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே அவள் பிடித்துக்கொண்டாள். மூத்த மகள் பெயரைச் சொல்லித்தான் புருஷனைக் கூப்பிடுவாள்.

"அபூ ஹுதா, ஏன் சொல்லல நீங்க?"

"என்னத்தச் சொல்ல?"

"பீச்சாங்கைக்காரன்னு."

"மெதுவாப் பேசு. சாப்புடுற கை எதுன்னுதான கேட்டா? சொன்னேன்."

"உங்க வாப்பா மவுத்தாகிப் பதினஞ்சு வருஷமாச்சு. இன்னும் கரண்டியோட பக்கத்துல நிக்கிறாரா?"

"இங்க பாரு, நீ உள்ள போய் வாயத் தொறந்தே, நான் ஆபரேஷனுக்கே வர மாட்டேன்."

செய்யக்கூடிய ஆள்தான். வீம்பு என்று வந்துவிட்டால் கழுதையிடம் மெத்வல்லி பாடம் கேட்க வேண்டியதில்லை, கழுதைதான் அவரிடம் கேட்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு மாதத்தில் கழுத்துக் குழாய் சொன்னபடியே சீழ் பிடித்தது. காய்ச்சலில் பல் கிட்டிப்போய் வார்டில் கிடந்தார். ஊசி, குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் வலது கையில் இறங்கின. புறங்கையில் இடம் தீர்ந்ததும் முன்கை, அதுவும் தீர்ந்ததும் முழங்கை மடிப்பு. கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது அந்தக் கை. இடது கையை மட்டும் நர்சுகள் தொடவே இல்லை. யாராவது புதியவள் தெரியாமல் பிரஷர் பட்டியைச் சுற்ற வந்தால், மற்றவள் ஓடிவந்து தடுத்தாள். மெத்வல்லி அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு ஒருவரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை என்று நினைத்தபோது, காய்ச்சலோடு காய்ச்சலாக அவருக்குப் பெருமையாக இருந்தது. உடம்பு தேறியதும், டயாலிசிஸ் இல்லாத நாட்களில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய் நாலு உருண்டையாவது வீசிவிட்டுத்தான் வந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தைய கடைசிப் பரிசோதனையில் நபவிய்யாவின் பொறுமை தீர்ந்தது. டாக்டர் இடது சட்டைக்கையை மடித்துவிடச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, இவரு சாப்புடுறதுதான் வலது கை. மாவு வீசுறது, கத்தி புடிக்கிறது, என் தம்பிய அறையறது எல்லாம் எடது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மெத்வல்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வலது கையில் பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை மணிக்கட்டிலிருந்து தோள்வரை மெதுவாக நகர்த்தித் திரையைப் பார்த்தார். திரும்பவும் கீழிருந்து ஆரம்பித்தார்.

"சிரையெல்லாம் அடைச்சிருக்கு. மேல, கீழ, முழுக்க. ஒரு மாசமா குத்தின குத்து" என்றார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இதுலதான் வெச்சிருப்பேன். தப்பு என்னோடதும்தான். சாப்புடுற கை எதுன்னு நம்ம ஊர்ல கேட்டா எல்லாரும் ஒரே பதிலத்தான சொல்லுவாங்க."

"இப்ப என்ன வழி?" என்றாள் நபவிய்யா.

"வலதுலயே வேணும்னா செயற்கைக் குழாய் வெக்கலாம். ரெண்டு வருஷம் ஓடலாம், ரெண்டு மாசத்துல அடைக்கவும் அடைக்கலாம். கிருமி புகுந்தா பெரிய தொல்லை. எடது கையில சிரை கயிறாட்டம் இருக்கு, உஸ்தா. நீங்க வேலை செஞ்சே வளத்திருக்கீங்க. அல்லாஹ் நாடினா பல வருஷம் தாங்கும்."

"அப்புறம் வீசலாமா?"

டாக்டர் கருவியைத் துடைத்து வைத்தார். "கனம் தூக்கக் கூடாது. வெட்டோ சூடோ படக் கூடாது. வீசலாமான்னா எனக்குத் தெரியாது. ஃபிதீர் வீசுற கைக்கு நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல."

நபவிய்யா அழுதிருந்தால் அவர் வலது என்று சொல்லியிருப்பார், குணம் அப்படி. சண்டை போட்டிருந்தாலும் வலதுதான். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. மெத்வல்லிக்கு முதல் தடவையாகச் சாவு பயம் வந்தது. இடது கையை மேசைமேல் நீட்டினார்.

மறுநாள் கையை மட்டும் மரக்க வைத்துத் தைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் தன் கை இருப்பதே தெரியாமல், ஃபிதீருக்குத் தேன் நல்லதா பழைய பாலாடைக்கட்டி நல்லதா என்று டாக்டரும் நர்சும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். இரண்டும் இல்லை, கரும்புப்பாகு என்று சொல்ல நினைத்தார். சாயங்காலம் மரப்பு விட்டதும், கட்டுக்கு மேலே தோலுக்கு அடியில் என்னவோ விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நபவிய்யா குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"நம்ம பழைய ஃப்ரிட்ஜாட்டம் எரையுது. நிக்காம ஓடுனாச் சரி."

அதற்குப் பிறகு அவர் கல்லாவில், அவளுடைய தம்பி அத்திய்யா கல்லில். அத்திய்யா நல்ல பையன், நாற்பது வயதுப் பையன். மாவை மட்டும் அவன் கோழி பிடிக்கிற மாதிரி பிடித்தான். வாடிக்கையாளர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போனார்கள். சிலர் பிறகு வரவில்லை. மெத்வல்லி இடது கையைத் தலையணையில் வைத்துத் தூங்கினார். டாக்டர் பிசையச் சொன்ன ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மாவுருண்டையைப் பிசைந்தார். வாரங்கள் போகப் போகச் சிரை தடித்தது. சனிக்கிழமை அதில் முதல் ஊசி என்று முடிவாயிற்று. ஒழுங்காக ஓடினால் கழுத்துக் குழாயை எடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஃபிதீர் வாங்க வந்தாள். அத்திய்யா விரித்ததைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டை வழியா எட்டிப் பாத்தா என் மருமவனே தெரிவான் போலிருக்கே, உஸ்தா" என்றாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெத்வல்லி எழுந்து கல்லுக்கு வந்தார்.

"வலது கை!" என்று பின்னாலிருந்து நபவிய்யா கத்தினாள்.

"தெரியும்டீ."

முதல் உருண்டை எழும்பாமல் ஈரத்துணி மாதிரி கல்லில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தான் எவ்வளவு நோயாளியாகத் தெரிகிறோம் என்பது அப்போதுதான் மெத்வல்லிக்கு உறைத்தது. அழுகை வரும்போல இருந்தது. இரண்டாவது அத்திய்யாவின் தோளில் போய் மாட்டிக்கொண்டது. "மச்சான், எனக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று அவன் கேட்டதும் கடையே சிரித்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

மூன்றாவதை வலது கை எப்படியோ மேலே அனுப்பிவிட்டது. அது கோணலாகப் போனாலும் கிழியாமல் விரிந்தது. சுழன்று சுழன்று அவருடைய இடப்பக்கமாக, அடுப்பு வாயை நோக்கிச் சாய்ந்தது. விழுந்தால் விழட்டும், கடையில் மாவுக்கா பஞ்சம். ஆனால் இடது கை அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டது. சட்டைக்கை முழங்கைக்குச் சரிந்தது. தழும்புக்கு மேலே, தோலுக்கடியில் முறுக்கிய கயிறு போல அந்தச் சிரை துடிப்பதை எல்லோரும் பார்த்தார்கள். நபவிய்யா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மெத்வல்லி அண்ணாந்து நின்றார். உள்ளங்கை விரிந்திருந்தது. ட்யூப்லைட் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோன மாவு, நெய் மினுங்க, அவர் தலைக்கு மேலே இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.