அரசலாற்றில் விழுந்த பை

முதுகுப்பையை மார்போடு அணைத்தபடி பூங்கொடி அரசலாற்றுப் பாலத்தில் ஓடினாள். பைக்குள் லேப்டாப். இறால் பண்ணைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் படமெடுத்து அதில்தான் வைத்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. பதினொரு மணிக்குக் கலெக்டர் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

பின்னால் துரத்திக்கொண்டிருந்த பைக் குறுக்கே வந்து நின்றது. பண்ணை மேனேஜர் கலைவாணன்!

"மீன்காரி மவளுக்கு லேப்டாப்பு கேக்குதோ? குடு பையை!"

"மீன்காரி மவதான். அதுக்கென்ன இப்ப? குடுக்க முடியாது, போய்யா!"

பையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். தண்ணீர் தெறித்தது.

"போ, இப்ப என்னத்தக் காட்டுவேன்னு பாக்குறேன்."

பூங்கொடி சிரித்தாள். பாலத்துக் கீழே, கடலிலிருந்து ஒரு படகு திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்தப் பையைத் தூக்குங்க!"

கலைவாணன் எட்டிப் பார்த்தான். பை மிதந்துகொண்டிருந்தது.

"உள்ளே சுத்திவர வலை மிதவை வச்சுத் தச்சிருக்கு. லேப்டாப்பு நாலு சுத்து பாலித்தீன்ல, சைக்கிள் டியூப்பு போட்டு இறுக்கியிருக்கு. கடலுக்குப் போற வீட்டுல எதையும் தண்ணிக்குத் தாங்குற மாதிரிதான் கட்டுவோம்."

படகுக்காரர் பையைத் தூக்கிக் காட்டினார்.

"ரோட்டுல போட்டு பைக்கை ஏத்திடுவியோன்னுதான்யா நான் அப்படி ஓடுனேன்!"