வீடு ஏற்கெனவே இருக்கிறது

அந்த அலுவலகத்தில், லினக்ஸ் சர்வரில் யூசராகச் சேராதவர்களுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இருக்காது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக வேலைக்கு வந்த மங்கையர்க்கரசியும் காலையிலிருந்து பாதியாகவே நின்றாள். ஐந்து மணிக்குள் சேராவிட்டால் மீதியையும் வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

யூசர் சேர்ப்பது இருதயராஜின் வேலை. நல்ல மனிதர்; கொஞ்சம் பயந்த சுபாவம். அங்கே ஆள் பெயரில் யூசர் கிடையாது, நாற்காலியின் பெயரில்தான்; யூசர் சேர்ந்ததும் அதே பெயரில் சர்வர் ஒரு வீடும் கட்டிக்கொடுக்கும். ‘தபால்3’ என்று தட்டினார். மங்கையர்க்கரசிக்குக் கால்கள் வந்தன. கூடவே திரையில் ஒரு வரி வந்தது: வீடு ஏற்கெனவே இருக்கிறது.

இருதயராஜுக்கு வியர்த்தது. உடனே யூசரை அழித்தார். கால்கள் போயின. மறுபடி சேர்த்தார். கால்களும் வந்தன, அந்த வரியும் வந்தது. இப்படிப் பதினோரு தடவை.

"சார், கால் வந்துடுச்சே. விட்டுடுங்களேன்."

"மெசேஜ் வருதேம்மா."

"வந்தா?"

"வரக் கூடாது."

பன்னிரண்டாவது தடவை கால்கள் வந்ததும், வீட்டையே பார்த்துவிடலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. கடைசியில் ‘தபால்3’ என்று ஒரு கதவு. உள்ளே, இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப்போன சதாசிவம் லுங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னும் போகலையா சார்?"

"யூசரை மட்டும்தானே அழிச்சீங்க. வீட்டை அப்படியே விட்டுட்டீங்க."

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். வீட்டை அழிப்பதற்குத் தனியாக ஒன்று தட்ட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து தட்டலாம் என்று அன்றைக்குப் போனவர்தான்.

"இப்ப அழிச்சிடட்டுமா?" மணி ஐந்தாக நான்கு நிமிஷம் இருந்தது.

சதாசிவம் டம்ளரைக் கீழே வைத்தார். "அழிச்சிடுங்க. என்னாலதானே அந்தப் பொண்ணுக்குத் தடங்கல்."

மங்கையர்க்கரசிக்குப் பாவமாக இருந்தது. "சார், மெசேஜைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

இருதயராஜ் எந்த மெசேஜையும் கடைசி வரை படித்தவரில்லை. முதல் வரியிலேயே அவருக்குக் கண் இருட்டிவிடும். திரையில் வந்த மெசேஜ் அந்த வீட்டுச் சுவரிலும் முழுசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். "எச்சரிக்கை மட்டுமே. யூசர் சேர்க்கப்பட்டார்."

"அப்போ நான் தப்பு இல்லையா?" என்றார் சதாசிவம்.

"இல்ல சார். வெறும் எச்சரிக்கை."

"ரெண்டு வருஷமா தப்புன்னே நெனச்சிட்டிருந்தேன்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். மணி ஐந்து அடித்தது.