ஆறாவது நாற்காலி

"அடுத்து, ஒன்பதாவது ஐட்டம்!" என்றார் வார்டு கமிட்டி சேர்மன்.

கவுன்சிலர் விஜயராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒன்பதாவது ஐட்டம், தாராவியில் அவள் வார்டு பால்வாடி. நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதை இடித்துவிட்டுக் குப்பை வண்டி நிறுத்த ஷெட் போடத் தீர்மானம். ஷெட்டுக்கான ஃபண்ட் இன்று, மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி. இன்று நிறைவேறினால் பால்வாடி போச்சு. தள்ளிப்போனால் ஷெட் போச்சு.

"மீட்டிங்ல நீங்க இருந்தா போதும்க்கா" என்று காலையில் வழியனுப்பியிருந்தாள் பால்வாடி டீச்சர் நுஸ்ரத்.

கமிட்டியில் ஒன்பது பேர். மூன்று நாற்காலி காலி. வந்த ஆறு பேரில் ஐந்து கை சேர்மனுக்கு. விஜயராணி தன் பக்கத்துக் கைகளை எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றுதான்.

"எதிர்ப்பா மேடம்? தாராளமா சொல்லுங்க, எழுதிக்கிறோம்." சேர்மன் இனிக்க இனிக்கச் சிரித்தார்.

சட்டென்று பொறி தட்டியது. கூட்டம் செல்லுபடியாக ஆறு பேராவது இருக்க வேண்டும். அந்த ஆறாவது ஆள்... அவளேதான்!

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க மேடம்?"

"வீட்டுக்கு."

சேர்மனின் சிரிப்பு பாதியில் நின்றது. "நடுவுல போனா ஆப்சென்ட்! இதுவரைக்கும் பதினாலு மீட்டிங், ஒண்ணு விடலை நீங்க. தொண்ணூறடி ரோட்டுல பேனரே தொங்குதே, வருகை நூற்றுக்கு நூறுன்னு!"

சுருக்கென்றது. பத்தடிக்கு எட்டடி பேனர். அவள் கணவன் இசக்கிராஜ் நேற்றுதான் கட்டினான்.

"ஆப்சென்ட் போட்டுக்குங்க" என்று நடந்தாள்.

"கால் மணி நேரத்துல ஆறாவது ஆள் வரணும். இல்லேன்னா கூட்டம் ஒத்திவைப்பு" என்று செக்ரட்டரி சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பாதிப் படி இறங்கியிருப்பாள். கீழேயிருந்து தடதடவென்று காலடி. வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார் ஜெயினுலாப்தீன் பாய். பக்கத்து வார்டு கவுன்சிலர். அவள் கட்சி.

ஆறாவது ஆள்!

"சான்பாடாவுல மக வீட்டுக்குப் போனேன் தங்கச்சி, டிரெயின் லேட்டு. கவலைப்படாத, வந்துட்டேம்லா!"

"ஏன் பாய் வந்திய?" குறுக்கே கையை விரித்தாள். "நீங்க உள்ள போனா கூட்டம் நடக்கும். நடந்தா அவங்க அஞ்சு, நீங்க ஒண்ணு. பால்வாடி அவ்வளவுதான்!"

பாய் தாடியைச் சொறிந்தார். "சரி... ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு ஓடியாந்துரட்டுமா? போன மாசமும் எனக்கு ஆப்சென்ட்டும்மா."

"பாய்!"

மேலே கதவு திறந்தது. "ஜெயினுலாப்தீன் சாப்!" பியூனின் குரல் படியில் உருண்டு வந்தது. "சாப் வந்தாச்சா?"

பாய் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். விஜயராணி அவர் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த கேன்டீனுக்குள் இழுத்துப்போய், திறந்த வாயில் ஒரு சூடான வடையைத் திணித்தாள். மறுபடி குரல் வந்தது. மறுபடி வடை.

நாலாவது வடையில் சேர்மன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

"தண்ணி... தண்ணி..." என்றார் பாய்.

சாயங்காலம் தொண்ணூறடி ரோட்டில், இசக்கிராஜ் ஏணியில் நின்று பேனரில் 'நூறு' மேல் காகிதம் ஒட்டி 'தொண்ணூற்று மூன்று' என்று எழுதிக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்திருந்த நுஸ்ரத்துக்குக் கண் கலங்கியது.

"நான் சொன்னதுக்காகத்தானே அக்கா..."

"நீ என்னடி சொன்ன? மீட்டிங்ல இருன்னுதானே?" விஜயராணி அவள் தலையில் செல்லமாகக் குட்டினாள். "நல்லவேளை, உன் பேச்சைக் கேக்கலை!"