வலது ரெண்டு, கீழே ஒண்ணு

பாகலூர் ரோட்டில் இருந்த அந்தக் கடையில் சுவர் முழுக்க டிவிகள் எரிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே மரத்திலிருந்து, ஒரே நேரத்தில் பறந்தது. கமலக்கண்ணனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பக்கத்தில் நின்ற லாவண்யா கிளியைப் பார்த்தாளா, சுவரைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாருடனோ துணைக்கு வந்தவள்போல நின்றாள்.

இருவருக்குமே டிவி மேல் ஆசை இல்லை. நாற்பத்திரண்டு நாளைக்கு முன்னால், எட்டாம் மாதத் தொடக்கத்தில், லாவண்யாவின் வயிற்றிலிருந்த பிள்ளை அசைவை நிறுத்திக்கொண்டது. உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கமலக்கண்ணன் கையில் கொடுத்தார்கள். பெற்றவளுக்குக் காட்டக் கூடாது, கண்ணால் பார்த்துவிட்டால் மனசு தேறாது என்று கூட வந்த பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஊர்ப் பக்கம் அதுதான் வழக்கம். அவனும் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. லாவண்யாவின் அம்மா ஒரு மாதம் கூட இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவன் ஷிப்டுக்குப் போகிற நேரமெல்லாம் மத்திகிரி வீட்டில் லாவண்யா தனி. சமைத்தாள், துவைத்தாள், படுத்தாள். அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வீட்டில் ஏதாவது பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் இந்த டிவி.

கடையில் ஸ்ரீராம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாள் இரண்டு டிவிகளைக் காட்டினான். இரண்டும் ஒரே அளவு, ஒன்றுக்கு விலை குறைவு. கமலக்கண்ணன் குறைந்ததைக் கை காட்டியதும், அவன் மேனேஜர் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“சார், இதுல ஆன் பண்ணுனதும் மொதல்ல விளம்பரம்தான் வரும். டிவிக்குள்ளயே வச்சு அனுப்புறாங்க, நிறுத்த முடியாது. அதான் வெல கம்மி.”

அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஆனாலும் சொன்னான். உலகத்தில் நல்லதைச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் காதுதான் அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொள்கிறது. விளம்பரம் யாரைக் கடிக்கப் போகிறது என்று நினைத்தான் கமலக்கண்ணன். லாவண்யாவைக் கேட்டான். “எதுன்னாலும் சரிங்க” என்றாள். விலை குறைந்ததையே எடுத்தார்கள்.

மறுநாள் டிவியை மாட்ட ஆள் வந்தான். இணையத்துக்குக் கவலை இல்லை. முன்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா சரசம்மாவின் வைஃபைதான் அந்தக் காம்பவுண்டில் மூன்று குடித்தனத்துக்கும். டிவி ஒரு கணக்குத் திறக்கச் சொன்னது. கமலக்கண்ணன் யோசிக்காமல் லாவண்யாவின் நம்பரைச் சொன்னான். அந்த வீட்டில் எல்லாமே அவள் நம்பர்தான், கேஸ் புக்கிங்கிலிருந்து ரேஷன் வரை. சிப்காட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் கேமரா வைத்த போனை கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அவனிடம் இருப்பது பட்டன் போன். அந்தப் பக்கத்துத் தொழிலாளி வீடுகளில் பாதிப் பேருக்கு இதே கதைதான். வீடு புருஷன் பேரில் இருக்கும், நம்பர் பெண்டாட்டி பேரில் இருக்கும்.

ஓடிபி வந்தது. லாவண்யா எண்களைச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

டிவி விழித்துக்கொண்டது. திரை முழுக்க ஒரு குழந்தையின் முகம். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. ‘தயாரா, அம்மா? இன்னும் மூன்றே வாரம்!’ என்று கீழே நல்ல தமிழில் எழுதியிருந்தது. பக்கத்தில் தொட்டில், பால்புட்டி, டயப்பர்.

கமலக்கண்ணன் எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டான். அவனுக்குத் துக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த நாளிலிருந்தே அவனுக்குள் எதுவும் வருவதில்லை. முதுகை மட்டும் விரித்துக்கொண்டு நின்றான். மாட்ட வந்தவன், ரொம்பப் பக்கத்தில் நிற்காதீர்கள் சார், கண் கெட்டுவிடும் என்றான்.

நடந்தது அவனுக்குப் புரிந்தது. நாலாம் மாதம் லாவண்யா போனில் ஏதோ ஒரு ஆப்பில் இதே நம்பரைக் கொடுத்துப் பிரசவத் தேதியைப் போட்டு வைத்திருந்தாள். வாரா வாரம் அது பிள்ளையின் அளவைச் சொல்லும். எலுமிச்சை, மாங்காய், தேங்காய் என்று அவளும் அவனிடம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு இப்படி ஆனது. ஊருக்குச் சொன்னார்கள், உறவுக்குச் சொன்னார்கள், வளைகாப்புக்கு வந்து வளையல் அடுக்கியவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். போனுக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அது பாட்டுக்கு வாரத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவசரமாக ரிமோட்டில் எதையெதையோ அழுத்தி ஒரு பாட்டுச் சேனலுக்குப் போனான். லாவண்யா டீயோடு வந்தபோது யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் முதலில் அந்த முகம்தான் வரும் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஸ்டெபிலைசர் வாங்காமல் போட்டால் டிவி புகைந்துவிடும், ரெண்டு நாள் போடாதே என்று லாவண்யாவிடம் பொய் சொன்னான். அவள் ஏனென்று கேட்கவில்லை.

கஸ்டமர் கேரில் ஒரு பெண் கனிவாகப் பேசி, அது குறை அல்ல, வசதி என்றாள். கூட வேலை செய்யும் தினேஷ்குமாரிடம் கேன்டீனில் வைத்துப் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான். நெட்டைப் பிடுங்கினால் விளம்பரம் போகும், படமும் சேர்ந்து போகும் என்றான் அவன். வேறு நம்பர் மாற்றலாம், ஆனால் பழைய நம்பருக்கு ஓடிபி வரும் என்றான். பழைய நம்பர் லாவண்யாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. எதற்கு மாற்றுகிறீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால், சொல்ல அவனிடம் பதில் இல்லை. அந்த முகத்தை அவள் பார்த்துவிட்டால் இருக்கிற இந்த ஒரு துளி நடமாட்டமும் நின்றுபோகும் என்று அவன் பயந்தான். மரத்துப்போன மனசுக்குள்ளும் அந்தப் பயம் மட்டும் மரத்துப்போகாமல் இருந்தது. பேச்சுச் சத்தத்துக்காக வாங்கிய டிவி சுவரில் ஊமையாகத் தொங்கியது.

மூன்றாம் நாள், பால் செம்போடு வந்த சரசம்மா அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, குடித்தனக்காரர்களிடம் தமிழ் என்று பேசுகிறவள். இரண்டு மாடு வைத்திருந்தாள். புது டிவி வாங்கிவிட்டு ஏன் இருட்டாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவனுக்குப் பொய் ஓடவில்லை. நடந்ததை அப்படியே சொன்னான். வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னான்.

சரசம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

“அந்தப் படத்த தாண்டிப் போறதுக்கு எத்தன தபா அமுக்கணும்?”

“வலது ரெண்டு, கீழே ஒண்ணு, அப்புறம் ஓக்கே. எழுத்துப் போட்டிருக்கும்மா, பாத்து…”

“எழுத்து எனக்கு வராதுப்பா. எண்ண வரும். முப்பது வருசமா பால் அளக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணும் எண்ணத் தெரியாதா? ரிமோட்ட குடு.”

மறுநாளிலிருந்து தன் வீட்டு டிவி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு சரசம்மா வந்தாள். லாவண்யாவை உள்ளே தண்ணீர் கொண்டுவரச் சொல்லுவாள். அவள் வருவதற்குள், சேலை முந்தானையைத் திரைக்குக் குறுக்கே ஒரு கையால் பிடித்தபடி, சுலோகம் சொல்வதுபோல வாய்க்குள் “வலது ரெண்டு, கீழே ஒண்ணு” என்று எண்ணி அழுத்திவிடுவாள். பிறகு ஒரு கன்னட சீரியல் ஓடும். இதை அவளே கமலக்கண்ணனிடம் கைகளை விரித்துக் காட்டி நடித்துச் சொன்னாள்.

அவன் காலை ஷிப்டு முடிந்து வருகையில் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சரசம்மா வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லுவாள், நடுவில் தன் பங்குக்கு மாமியார்க்காரிக்கு வசவும் சேர்த்துக்கொள்வாள். ஒரு நாள் அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, “அந்தச் சின்ன மருமக பாவம்க்கா. அவ மேல தப்பு இல்ல” என்றாள் லாவண்யா. யாரும் கேட்காமல் அவளாகச் சொன்ன வார்த்தை. கமலக்கண்ணன் கொடியில் சட்டையைப் போட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டான்.

இன்னொரு நாள் முன்வீட்டைத் தாண்டும்போது உள்ளே டிவி ஓடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சரசம்மாவின் புருஷன் கோவிந்தப்பன் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துக்கொண்டு, திரைக்கு மூக்கை முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

“டிவி நல்லாத்தான்பா இருக்கு. கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்காளாம், சத்தம் வெளிய வரக் கூடாதாம். சொந்த ஊட்டுல திருடனாட்டம் நியூஸ் பாக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கமலக்கண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் சீ, போப்பா என்று கையை உதறினார். கோயிலில் தீபத்தின் முன் நின்றால்கூட அந்த நாட்களில் அவனுக்குள் எதுவும் அசைந்ததில்லை. அந்த ஜன்னலோரம் ஏதோ லேசாக அசைந்தது, உடனே அடங்கியும் விட்டது. ஆண்டவன் சில வீடுகளுக்கு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டும் வருவான் போலிருக்கிறது.

டிவி வந்து மூன்று வாரம் ஆனது. ஒரு வியாழக்கிழமை அவன் வீடு திரும்பியபோது சீரியல் சத்தம் இல்லை. கதவு திறந்து கிடந்தது. சரசம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். லாவண்யா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. ‘வாழ்த்துகள், அம்மா! உங்கள் செல்லம் வந்தாச்சு!’ என்று எழுத்து மின்னியது.

சரசம்மா அழுகையோடு சொன்னாள். இன்றைக்கு ஆன் செய்ததும் வழக்கமான படம் வரவில்லை, தாலாட்டுப் பாட்டோடு வேறு ஒன்று தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. வலது ரெண்டு அழுத்தினாள், கீழே ஒண்ணு அழுத்தினாள், ஓக்கேயும் அழுத்தினாள். சத்தம்தான் கூடியது. பாட்டைக் கேட்டு லாவண்யா செம்போடு வந்து நின்றுவிட்டாள். எண்ணிக்கை தப்பிப்போச்சு, நான்தான் கெடுத்தேன் என்று சரசம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நீங்க என்னக்கா கெடுத்தீங்க” என்றாள் லாவண்யா. பிறகு புருஷனைப் பார்த்தாள். “இன்னைக்குத்தாங்க தேதி. டிவி சொல்லித்தான் தெரியணுமா எனக்கு? காலைல எந்திரிக்கும்போதே தெரியும். நீங்க ரெண்டு பேரும் சேந்து இதையா மறச்சீங்க?”

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

“இது சோப்பு விக்கிற புள்ள. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும். இதப் பாத்து எனக்கு என்ன?” அவள் குரல் உயரவில்லை. “எம் புள்ளையத்தான் நான் பாக்கல. நீங்க பாத்தீங்கள்ல. ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

அவன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தான். கேட்டால் உடைந்துபோவாள் என்று இவன் சொல்லவில்லை. சொன்னால் இவன் உடைந்துபோவான் என்று அவள் கேட்கவில்லை. இப்படியே ஒன்பது வாரம்.

புருஷன் பெண்டாட்டி பேச்சென்று சரசம்மா எழுந்தாள். லாவண்யா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “இருங்கக்கா. நீங்களும் கேளுங்க.”

கமலக்கண்ணன் இருவருக்கும் எதிரே தரையில் உட்கார்ந்தான். கனமா இருந்தான் என்றான். இத்தனூண்டு துணியில் இவ்வளவு கனம் எப்படி என்று அப்போது நினைத்தேன் என்றான். முடி இருந்ததா என்று அவள் கேட்டாள். நெற்றியை மூடி இருந்தது, ஈரமாக, என்றான். நகம் வளர்ந்திருந்தது. காது மடல் அவளுடையதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டுத் தூங்குகிற பிள்ளைபோல முகம் இருந்தது, ஆனால் அழவே இல்லை என்றான். குழியில் வைக்கும்போது துணி விலகியது, காலில் மண் படக் கூடாதென்று திரும்ப மூடினேன் என்றான். ஒவ்வொன்றும் தட்டையான குரலில், கம்பெனியில் ஷிப்டு மாற்றிவிடும்போது சொல்வதுபோல வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது. லாவண்யாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

“எவ்வளவு இருந்தான்?”

அவன் இரண்டு கைகளையும் நீட்டி அகலம் காட்டினான். யோசித்து, ஒரு விரற்கடை குறைத்தான். வெறும் காற்றைப் பிடித்தபடி அந்தக் கைகள் நின்றன. லாவண்யா முன்னால் நகர்ந்து வந்து, அவன் கைகளுக்கு நடுவே இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். அவன் கைகளை இறக்கப் போனான்.

“கொஞ்ச நேரம் அப்படியே வைங்க” என்றாள்.